பலாமரம் விழுந்த கிழமை

இந்த ஆண்டு ஜனவரி 12, திங்கட்கிழமை, காலைத் தபாலில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. தபால்தலையை உறையின் பின்பக்கம் ஒட்டியிருந்தார்கள். கடிதம் முழுவதும் இவ்வளவுதான்:

"சந்தை கழிந்த மூன்றாம் நாள். மழைக்காரருக்கு. செத்தவருக்குக் கடிதம் போடக்கூடாது என்று இங்கே எல்லாரும் தடுக்கிறார்கள். தடுக்கட்டும். தேய்பிறை முடிவதற்குள் அப்பா கீழ்வீட்டுக்குப் போக வேண்டும். அவருக்குச் சண்டைக்காரர் நீங்கள் ஒருவர்தான். வந்து உங்கள் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வராவிட்டால் அவருக்குக் கதவு திறக்காது. இப்படிக்கு, குடையெங்கே."

நான் சாகவில்லை. மற்றபடி கடிதத்தில் எனக்குப் பாதிதான் புரிந்தது.

கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பது குறளியர் நாடு. குறளி என்றதும் நம் ஆட்களுக்கு வித்தைக்காரனின் பெட்டிக்குள் இருக்கும் குட்டிப் பேய்தான் நினைவுக்கு வரும். அவர்களுக்கு வித்தை எதுவும் தெரியாது. நம் இடுப்பு உயரம் இருப்பார்கள். காய்ந்த பலா இலையின் நிறம். காதுகள் மட்டும் மாட்டுக்காது போல் சத்தம் வரும் பக்கம் திரும்பிக்கொள்ளும். குழந்தை பிறந்த அன்று வீட்டில் எதைப் பற்றிச் சண்டை நடந்ததோ அதையே அதற்குப் பெயராக வைப்பார்கள். கடிதம் எழுதிய குடையெங்கே பிறந்த அன்று நடந்த சண்டையில் எனக்கும் பங்குண்டு. தொலைந்தது, அவள் அப்பா என்னிடம் இரவல் வாங்கிப் போன குடை. அவளுடைய அப்பா பெயர் உப்பில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூன்று ஆண்டுகள் நான் கரியாலூரில் மழை அளவு எடுக்கும் வேலையில் இருந்தேன். தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து, புனலுக்குக் கீழே சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அளவைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எல்லையோரம் தேன் விற்க வரும் உப்பில்லை அந்த நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பான். நான் ஏழு மில்லிமீட்டர் என்றால் அவன் ஏழரை என்பான். நான் குனிந்து காட்டுவேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "உன் கண்ணு பூத்துப் போச்சு" என்பான். பிறகு என் மனைவி எஸ்தர் கொடுக்கும் கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, இனிப்பு கம்மி என்று சொல்லிவிட்டுப் போவான். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். மலையில் எங்களுக்கு அவனைத் தவிர வேறு விருந்தாளி கிடையாது.

மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. செவ்வாய் முதல் சனி வரை படுக்கை. அந்த ஐந்து நாளும் உப்பில்லைதான் மழையை அளந்தான். அந்த வாரத்தில்தான் மழைமானிக்குப் பக்கத்தில் நின்ற பெரிய பலாமரம் விழுந்து மானியின் புனலை நசுக்கியது; அதைத் தட்டி நிமிர்த்தி வைத்துக்கொண்டுதான் அவன் மிச்ச நாளும் அளந்தான். ஞாயிற்றுக்கிழமை எழுந்து உட்கார்ந்து பதிவேட்டைப் பூர்த்தி செய்யும்போது சண்டை தொடங்கியது. மரம் விழுந்தது சந்தைக்கு முந்தின நாள், புதன் என்றேன். காய்ச்சலில் இருந்தாலும் மரம் முறியும் சத்தம் காதில் விழுந்திருந்தது. சந்தைக்கு மறுநாள், வெள்ளி என்றான் அவன். மணிக்கணக்கில் கத்தினோம். கடைசியில் குறிப்புப் பகுதியில் ஏதோ ஒரு கிழமையை எழுதித் தபாலில் அனுப்பிவிட்டேன். எதை எழுதினேன் என்பது எனக்கு நினைவில்லை. என் சொந்த நாட்குறிப்பில் அந்த ஐந்து பக்கங்களும் வெற்று.

மாற்றலாகி வந்த பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவனுக்கு ஒரு அஞ்சலட்டை போடுவேன். "புதன்தான்" என்று மட்டும் இருக்கும். பதில் வரும்: "வெள்ளி." இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இது நடந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் முட்டி அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது மனம் இளகி, நீளமாக எழுதினேன். நகல் என்னிடம் இருக்கிறது. தேதி டிசம்பர் 24. "அந்த மரம் விஷயத்தில் நீங்கள் சொன்னதே சரியாக இருக்கலாம். பழைய வாக்குவாதத்தை இத்தோடு விட்டுவிடுவோம்." அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை.

கடிதத்தை எஸ்தரிடம் படித்துக் காட்டினேன்.

"இன்னாங்க இது, சண்ட போடறதுக்கா பஸ்ஸு ஏறிப் போறீங்க? இங்க வூட்டுலயே போடக்கூடாதா?"

"உன்கிட்ட எப்ப ஜெயிச்சிருக்கேன்?"

"அவருகிட்ட மட்டும் ஜெயிச்சிட்டீங்களாக்கும்" என்று சொல்லிவிட்டு முட்டிவலித் தைலத்தை எடுத்துப் பையில் வைத்தாள்.

வெறுங்கையோடு போக எனக்கு மனமில்லை. பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் போனால் விஷயம் ஒரே நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை ரிஷிவந்தியத்தில் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிப் பதிவறைக்குப் போனேன். 2019-ல் மாவட்டம் பிரிந்தபோது வந்த பழைய கட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. அங்கே இருந்த அம்மா நல்ல மாதிரி. "பொங்கல் லீவு முடிஞ்சு வாங்க சார், தேடி எடுத்து வெக்கிறேன்" என்றார். தை அமாவாசை ஞாயிற்றுக்கிழமை. காத்திருக்க நேரமில்லை.

ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப்பொங்கல். கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் கரும்புக் கட்டோடு ஏறுபவர்களுக்கும் இறங்குபவர்களுக்கும் நடுவில் எனக்கு ஒரு கால் வைக்கத்தான் இடம் கிடைத்தது. மலை ஏற ஏறக் காற்று மாறியது. வளைவுகளின் வரிசை எனக்கு இன்னும் மனப்பாடமாக இருந்தது. ஆனால் கரியாலூர் எனக்குத் தெரிந்த கரியாலூர் இல்லை. நீர்வீழ்ச்சிக்கு வந்தவர்களின் கார்கள் இரண்டு பக்கமும் நின்றன. நாங்கள் குடியிருந்த வீட்டில் இப்போது சிக்கன் பக்கோடா கடை. எஸ்தர் துணி காயப்போட்ட இடத்தில் வாஷ்பேசின். மழைமானி இருந்த மேட்டைத் தேடினேன். இரண்டு பிள்ளைகள் அங்கே நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுப் பார்த்தேன். பலாமரத்தின் தூர் கூட இல்லை.

அங்கிருந்து எல்லைவரை ஜீப். வழியை எழுதுவதில்லை என்று அந்த ஊர்க்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஓட்டுநர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார்.

"குறளிங்க ஊருக்கா சார்? பாத்துப் பேசுங்க. போன வாரம் ஒருத்தங்கிட்ட 'நல்லாக்கீறியா'ன்னு கேட்டுட்டேன். மூஞ்சத் திருப்பிக்கினு போய்ட்டான்."

"வேற என்ன கேட்கணும்?"

"இன்னாடா இவ்ளோ அசிங்கமாக்கீறன்னு கேக்கணும். அப்பதான் சிரிப்பான்."

பாதி ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தது. என் குடிதண்ணீர் பாட்டிலை அதற்குக் கொடுத்தேன்.

எல்லைப் பள்ளத்தைக் கடக்கக் கூடைப்பாலம். இரண்டு கரைக்கும் நடுவே வடம். அதில் தொங்கும் மூங்கில் கூடையில் நாம் உட்கார வேண்டும். அந்தக் கரையில் இரண்டு குறளியர் இழுப்பார்கள். என்னோடு ஒரு குறளியப் பெண்மணி கோழிகளோடு ஏறினாள். நடுப்பள்ளத்தில் கூடை நின்றது. கீழே பார்க்காமல் வானத்தைப் பார்த்தேன். கரையில் இழுத்த இருவரும் வடத்தைக் கல்லில் கட்டிவிட்டு எதையோ பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். பெண்மணி காதுகளை அவர்கள் பக்கம் திருப்பிக் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னாள்: "நீ கனமா, என் கோழி கனமான்னு பேசிக்கினு இருக்காங்க." பிறகு அவளே எழுந்து நின்று, கோழிதான் என்று கத்தினாள். கூடை ஆடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் கைக்கடிகாரப்படி இருபத்திரண்டு நிமிடம். யாருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

கரையில் குடையெங்கே நின்றிருந்தாள். நான் மாற்றலாகி வரும்போது கூடைக்குள் தூங்கிய குழந்தை. இப்போது முப்பது வயது தாண்டிய பெண். சந்தையில் வியாபாரம் செய்து தமிழ் சரளமாக வரும். நான் கைகூப்பி, "நல்லா இருக்கியாம்மா" என்றேன். ஜீப்காரர் சொன்னது வாயிலிருந்து சொல் வெளியே வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவள் காதுகள் மடிந்தன.

"அப்படியெல்லாம் பேசாதீங்க, பெரியப்பா. பாக்கறவங்க நமக்குள்ள ஒண்ணுமில்லன்னு நெனச்சிக்குவாங்க. எவ்ளோ லேட்டு! பஸ்ஸ தூக்கிக்கினு நடந்து வந்தீங்களா?"

அன்று மாலை அவர்கள் வீட்டில் சாப்பாடு. பெரிய பாறைக்கு அடியில் குடைந்த வீடு. தலை குனிந்துதான் போக வேண்டும், உள்ளே கொஞ்சம் நிமிரலாம். சாமைச் சோறு, காட்டுக்கிழங்குக் குழம்பு, பலாக்கொட்டைப் பொடி. குழம்பில் உப்பே இல்லை. விருந்தாளி என்பதால் பேசாமல் சாப்பிட்டேன். வீட்டில் இருந்தவர்கள் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடையெங்கே காதருகில் வந்து சொன்னாள்: "ஏதாவது கொற சொல்லுங்க. அதுக்காகத்தான் உப்பு போடாம வெச்சிருக்கு." குறை சொல்லாத விருந்தாளி சாப்பிடாத விருந்தாளிக்குச் சமமாம். "உப்பில்லை!" என்று உரக்கச் சொன்னேன். எல்லாரும் ஆரவாரம் செய்து, ஆளுக்கு ஒரு கை உப்பை அள்ளி வீசினார்கள். நம் வீடுகளில் போதும் என்று இலையை மறைப்போம், அவர்கள் கேட்காமல் ஊற்றுவார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குப் படவில்லை.

உப்பில்லையை அன்று பார்க்க முடியவில்லை. அவன் உள்ளறையில் இருந்தான். செத்தவனை, அதாவது என்னை, விளக்கு வைத்த பிறகு அவன் பார்க்கக்கூடாதாம்.

ஜனவரி 17, சனி. காலையில் குடையெங்கே என்னை வீட்டுக்குப் பின்புறம் அழைத்துப் போனாள். அங்கே செத்தவர்களுக்கு வரிசையாகக் கற்கள் நட்டிருந்தார்கள். ஒன்றில் புனலும் அதற்குக் கீழே ஒரு குழாயும் செதுக்கியிருந்தது. மழைமானி. அது என் கல்.

"உங்க கடுதாசி வந்த அன்னிக்கு அப்பா படிச்சிட்டு மூணு நாள் சாப்புடல" என்றாள். "அப்புறம் அவரே ஆள் வெச்சு இத செதுக்கினாரு."

பழக்கத்தால் கல்லை அளந்து பார்த்தேன். ஒன்றரைச் சாண் உயரம். செதுக்கியவர் குழாயில் கோடுகளைக்கூட விடாமல் போட்டிருந்தார்.

அங்கேயே உட்கார்ந்து அவள் விளக்கியது இது. குறளியருக்கு அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாம் பிறப்பால் வருவது. அதில் பெருமை இல்லை. ஒருவர் தானாகத் தேடிக்கொள்ளும் உறவு ஒன்றே ஒன்று. அது சண்டைக்காரர். ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி, ஒரே ஒரு ஆளோடு, வாழ்நாள் முழுக்க. அந்தச் சண்டையை இருவரும் வளர்க்க வேண்டும், தீர்க்கக்கூடாது. விட்டுக்கொடுத்தவர் செத்த கணக்கு. வயதானவர்கள் கடைசிக் காலத்தைக் கழிக்கப் போகும் இடம் கீழ்வீடு. அதன் கதவுக்கு வெளியே தாழ் இல்லை. வாசலில் சண்டைக்காரர் வந்து நின்று சண்டை போட வேண்டும். அதைக் கேட்டுத்தான் உள்ளே இருப்பவர்கள், வந்திருப்பது ஒரு ஆள்தான், வெறும் நிழல் அல்ல என்று தெரிந்துகொண்டு திறப்பார்கள். ஒப்புக்குப் போடும் சண்டை அவர்களுக்குத் தெரிந்துவிடும். இந்த அமாவாசையைத் தவறவிட்டால் அடுத்த தை வரை யாரையும் உள்ளே விட மாட்டார்கள்.

"அடுத்த தை வரைக்கும் அப்பா தாங்க மாட்டாரு" என்றாள். அவள் காதுகள் இரண்டும் என் பக்கம் திரும்பியிருந்தன.

நான் எழுதியதை நட்பு என்று நினைத்து எழுதியிருந்தேன். மூன்று ஆண்டுகள் தினமும் பார்த்தும், ஒரு முறைகூட எல்லை தாண்டி வந்து இவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்காதவன், மழையை மட்டும் ஒரு புள்ளி விடாமல் எழுதியிருக்கிறேன்.

உப்பில்லை முன்னறைக்கு வந்து உட்கார்ந்தான். உடம்பு பாதியாகிவிட்டது. காதுகள் தொங்கிப் போயிருந்தன. என்னைப் பார்க்காமல் மகளிடம் தமிழில் கேட்டான்: "யாரு இது? என் சண்டக்காரன் செத்துதான் ஆறு வருசம் ஆச்சே."

"உப்பில்லை, நான்தான். உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."

"நீங்களாம்ல. நீங்க!" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். "எனக்குத் தெரிஞ்ச மழக்காரன் என்ன நாயின்னு கூப்புடுவான்."

அங்கேதான் நான் அடுத்த தவறைச் செய்தேன். சமாதானமாகப் பேசுவதாக நினைத்து, "கவலைப்படாதீர்கள். பதிவேட்டைத் தேடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஊருக்குப் போனதும் பார்த்து, யார் சொன்னது சரி என்று எழுதிவிடுகிறேன்" என்றேன். ஓரத்தில் இருந்த ஒரு பெண் தன் குழந்தையின் காதுகளைப் பொத்தினாள். குடையெங்கே என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

"அத மட்டும் செய்யாதீங்க, பெரியப்பா. எங்க சித்தப்பா ஒருத்தரு. வரப்பு எங்கன்னு நாப்பது வருசம் சண்ட. யாரோ ஒரு புண்ணியவான் அளவுச் சங்கிலி கொண்டாந்து அளந்துட்டான். அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணுமில்ல. நாளைக்குப் பாப்பீங்க அவர."

ஜனவரி 18, ஞாயிறு. அமாவாசை. கீழ்வீடு பள்ளத்தாக்கின் அடியில் இருந்தது. உப்பில்லையை நாற்காலி போன்ற ஒரு கூடையில் வைத்து நான்கு பேர் தூக்கி வந்தார்கள். தூக்கியவர்கள் எந்தக் காலை முதலில் வைப்பது என்று வழி முழுக்கச் சண்டை. நான் பின்னால் முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பள்ளிக்கூடத்தின் பெரிய வாசல் அளவுக்கு ஒரு மரக்கதவு. அதற்கு வெளியே, வெயிலில், ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூடி வைத்த சோற்றுக் கிண்ணம். அவர் யார் என்று குடையெங்கே சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்களைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார். அவர் மடியில் கயிற்றுத் துண்டு ஒன்று இருந்தது. அதை முழம் போட்டுக்கொண்டே இருந்தார்.

காலையில் உட்கார்ந்து ஆறு குறிப்புகள் எழுதி வைத்திருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் குறிப்பைப் படித்தேன். "மரம் முறியும் சத்தத்தை நான் கேட்டபோது சந்தைக்குப் போகும் கழுதைகளின் மணிச்சத்தம் இன்னும் தொடங்கியிருக்கவில்லை."

உப்பில்லை பதில் சொன்னான். அவனும் எழுதி வைத்ததைப் படிப்பது போலத்தான் சொன்னான். நான் இரண்டாவதைப் படித்தேன். உள்ளே யாரோ இருமினார்கள். மூன்றாவதைப் படிக்கும்போது குறட்டைச் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து ஒரு குரல் ஏதோ சொல்ல, பலர் சிரித்தார்கள். குடையெங்கே மொழிபெயர்க்கவில்லை. நான் கேட்ட பிறகு சொன்னாள்: "ஆபீசுலேந்து ஆளு வந்திருக்கா, போஸ்ட்டு பாக்ஸு அந்தப் பக்கம்ங்கறாங்க."

நான்காவது, ஐந்தாவது. என் குரல் எனக்கே தூக்கத்தைக் கொண்டுவந்தது. உண்மை என்னவென்றால், கிழமையைப் பற்றி எனக்கே நிச்சயமில்லை. நிச்சயமில்லாத ஒன்றுக்காக எப்படிக் கத்துவது?

அப்போது உப்பில்லை கையை உயர்த்தினான். களைத்திருந்தான். இதுவரை சுவரையும் கதவையும் பார்த்தவன் முதல் முறையாக என்னைப் பார்த்தான். மிகவும் அன்பாகச் சொன்னான்:

"போதும், மழக்காரா. மல எறங்கி வந்தியே, அதுவே போதும். கால் வலியோட நிக்காத. மரம் புதங்கெழமதான் வுழுந்துது. நீ சொன்னதுதான் சரி. வூட்டுக்குப் போ."

அவன் அதை நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். சண்டையை விட்டுவிட்டு என்னைப் போகச் சொன்னான். வெளியே உட்காரப் போகிறவன், எனக்குக் கால் வலிக்குமே என்று, தன்னிடம் இருந்த ஒன்றே ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். ஆறு ஆண்டுகளுக்கு முன் என் அஞ்சலைப் பிரித்தபோது அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது. நெஞ்சில் யாரோ கையை வைத்து மெல்லத் தள்ளியது போல இருந்தது. பிறகு கோபம் வந்தது. இந்த வயதில் அப்படி ஒரு கோபம் எனக்கு வரும் என்று நான் நினைத்ததில்லை.

"யாருக்குடா பிச்ச போடற?" என்று கத்தினேன். "நாயே! முப்பது வருசமா வெள்ளி வெள்ளின்னு என் உசிர வாங்கிட்டு, இப்ப இன்னாத்துக்குடா புதன்ங்கற?"

உப்பில்லையின் காது ஒன்று நிமிர்ந்தது.

"நீ மட்டும் எழுதலாமா? நாலு பக்கம் எழுதினியே, நீங்க போங்கன்னு மரியாதயா! நான் சொல்லக்கூடாதா?"

"முட்டிய அறுத்துப் போட்டு படுத்துக்கினு இருந்தேன்டா! புத்தி கெட்டு எழுதிட்டேன்!"

"எழுதினா? கல்லு நட்டேன்டா உனக்கு! கூலி குடுத்து செதுக்கினேன்!"

"யாருடா உன்ன நடச் சொன்னது? ஒரு கார்டு போட்டுக் கேட்டியா, நீ செத்தியா இருக்கியான்னு?"

"வெள்ளின்னு ஒத்துக்கினவன் இருந்தா இன்னா, செத்தா இன்னா!"

"எவன் ஒத்துக்கினான்? இருக்கலாம்னுதான் எழுதினேன்! அது புதன்! அன்னிக்குக் கஞ்சிக்குத் தொட்டுக்க வூட்டுல ஒண்ணுமில்ல, உப்பு மட்டும்தான் இருந்துது. சந்தைக்குப் போனவ மறுநாதான் கருவாடு வாங்கியாந்தா!"

"நான் கருவாடு தின்னேன்டா உன் வூட்டுல! மரம் வுழுந்த அன்னிக்கு! புனல தட்டும்போது இடிச்ச கையோட தின்னேன்! முள்ளு குத்திச்சி!"

"காய்ச்ச எனக்கா, உனக்கா? உளர்றியே!"

"கண்ணு பூத்தவனே! மழய அளக்கத் தெரியாதவனே! நீ எழுதினது பூரா அரை கம்மி!"

மழை அளவிலேயே அவன் கை வைத்துவிட்டான். குறிப்புத்தாளைக் கசக்கி அவன் மேல் எறிந்தேன். அவன் கூடையிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். நான்கு பேர் தூக்கி வந்தவன். என் இடுப்புக்கு நேராக முகத்தை நீட்டிக்கொண்டு கத்தினான். நான் குனிந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்பதற்குக் குறிப்பு எதுவும் இல்லை. குடையெங்கே என் சட்டையை இழுத்தபோதுதான், கதவு திறந்து வெகுநேரமாகிவிட்டது என்பதைக் கவனித்தேன். வாசல் நிறையக் கிழவர்களும் கிழவிகளும். எல்லார் காதும் எங்கள் பக்கம். ஒரு கிழவி முன்னால் வந்து ஏதோ சொன்னாள்.

"நாலு தை ஆச்சாம் இப்படி ஒரு சண்ட கேட்டு" என்றாள் குடையெங்கே. அவள் முகம் நனைந்திருந்தது.

உப்பில்லை கத்துவதை நிறுத்தாமலே பின்னால் நடந்து உள்ளே போனான். விடைபெறுவது என்று ஒன்று அவர்களிடம் இல்லை. கதவு மூடிய பிறகும், "வெள்ளி!" என்று கேட்டது. நான் "புதன்!" என்றேன். மறுபடி கேட்டது. நாலைந்து முறைக்குப் பிறகு மரம் தடிமனாக இருந்ததால் அவன் சொன்னானா, எனக்குத்தான் கேட்டதா என்று தெரியவில்லை. வெளியே உட்கார்ந்திருந்த கிழவர் கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். குடையெங்கே கிண்ணத்தைத் திறந்து அவருக்குச் சோறு எடுத்துக் கொடுத்தாள். "ஆறிப் போச்சு" என்று அவர் முணுமுணுத்தார்.

ஏறும்போது அவள் எனக்கு ஒரு வேலை சொன்னாள். ஆண்டுக்கு ஒரு கடிதம் வர வேண்டும். சண்டைக்காரரின் கடிதத்தைக் கீழ்வீட்டில் எல்லாருக்கும் உரக்கப் படிப்பார்களாம். கடிதம் நின்றால் ஆளை வெளியே கொண்டுவந்து விடுவார்கள். "வெவரமா எழுதுங்க. சும்மா புதன்னு ஒரு வார்த்த எழுதினா கஞ்சம்னு சொல்வாங்க."

ஜனவரி 19, திங்கள். கூடையில் நான் தனியாக வந்தேன். நிற்காமல் வந்து சேர்ந்தது. கரியாலூரில் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. எங்கள் வீடு இருந்த பக்கோடாக் கடையில் காப்பி கேட்டேன். காகிதக் கோப்பையில் கொடுத்தார்கள். இனிப்பு அதிகம். அங்கே நின்று குடித்தபோது, பனிமூட்டத்தில் கையில் கண்ணாடிக் குழாயோடு நின்ற காலம் மொத்தமாகத் திரும்பி வந்தது. அந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை மில்லிமீட்டர் மழை என்று என்னால் இப்போதும் சொல்ல முடியும். அது எவ்வளவு சந்தோஷமான காலம் என்பதை மட்டும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

எஸ்தர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "ரெண்டு பேரும் தப்பு. மரம் வுழுந்தது சந்தை அன்னிக்கே. நான்தான் பைய தூக்கிக்கினு அந்தண்ட நின்னேன்." அதைப் பற்றி நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஜனவரி 21, புதன்கிழமை, காலை பதினொன்றே காலுக்குப் பதிவறையிலிருந்து போன் வந்தது. "சார், உங்க கட்டு கெடச்சிடுச்சி. ஐப்பசி மாசப் பக்கம் நல்லாவே இருக்கு, பூச்சி அரிக்கல. குறிப்புல உங்க கையெழுத்து தெளிவா இருக்கு. படிச்சிக் காட்டட்டுமா?"

வேண்டாம் என்றேன். நேரில் வருகிறீர்களா என்று கேட்டார். வரவில்லை என்றேன். அத்தனை கட்டையும் பிரித்துத் தேடியவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நியாயம்தான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கட்டைத் திரும்ப அதன் இடத்திலேயே வைத்துவிடச் சொன்னேன்.

நாற்பது ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். சந்தேகமான தேதிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, தேடிக் கண்டுபிடித்ததும் அழித்துவிடுவது வழக்கம். இதை மையால் எழுதுகிறேன்: கரியாலூர் மழைமானிக்குப் பக்கத்தில் நின்ற பலாமரம் எந்தக் கிழமை விழுந்தது என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. என் கட்சி புதன்.